ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறீர்களா?

வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், "துணைக்கு யார் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி எழும். கேள்வி எழுந்த கையோடு பதிலும் வந்துவிடும். மனைவியோ, மகளோ, மருமகளோ, யாராவது ஒரு பெண்தான்! ஒயர் கூடையில் ஃபிளாஸ்க், டம்ளர், மாற்றுப் புடவை, கக்கத்தில் ஒரு பாய் என்று நாமும் கிளம்பிவிடுகிறோம்.

அங்கே போய் என்ன செய்கிறோம்? சீட்டைக் காட்டி மருந்து வாங்கி வருகிறோம். காப்பி ஆற்றிக் கொடுக்கிறோம். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நடந்த கதையை முதலிலிருந்து சொல்கிறோம். இதெல்லாம் தேவைதான். ஆனால் இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று நமக்கு இருக்கிறது. அதுதான் நோயாளியின் மூச்சைக் கவனிப்பது. டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்க்கிறார். நர்ஸுக்கு ஒரு வார்டு முழுக்க நோயாளிகள். ஒரே முகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது நாம் ஒருத்திதான்.

எதற்காக மூச்சைக் கவனிக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போன காரணம் ஒன்றாக இருக்க, போன இடத்தில் பிடித்துக்கொள்கிற நோய் ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்பத்திரி நிமோனியா. பழைய நாளில் கபவாத ஜுரம் என்பார்களே, அந்த இனம்தான். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகளில் கிருமி புகுந்து, சீழும் நீரும் கட்டி, காற்று போக வழியில்லாமல் செய்துவிடும். ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வருகிற நிமோனியாவை டாக்டர்கள் தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். காரணம், ஆஸ்பத்திரிக் கிருமிகள் தெருவிலே இருக்கிற கிருமிகளைப்போல் சாதுவானவை அல்ல. பல மருந்துகளைப் பார்த்துப் பழகி, அவற்றுக்கு அடங்காமல் நிற்பவை.

இது எப்படி வருகிறது?

நம் எல்லோருடைய வாயிலும் கிருமிகள் இருக்கின்றன. நல்ல உடம்போடு இருப்பவர்களின் வாயிலிருந்துகூட, தூங்கும்போது துளி எச்சில் மூச்சுக்குழலுக்குள் இறங்கத்தான் செய்யும். ஆனால் அவர்களுக்கு ஒரு இருமல் போதும், வெளியே தள்ளிவிடும். ஆபரேஷன் ஆனவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும், மருந்து மயக்கத்தில் இருப்பவருக்கும் அந்த இருமலுக்கு வலு இருக்காது. மல்லாந்து படுத்தே கிடப்பதால் நுரையீரலின் அடிப்பாகம் சரியாக விரியாது. இரண்டு மூன்று நாள் பல் தேய்க்காத வாயில் கிருமிகள் பெருகிவிடும். அந்த எச்சில் உள்ளே இறங்கினால் என்ன ஆகும்? தேங்கின குட்டையில் அழுக்கு சேர்ந்தாற்போலத்தான்! மூச்சு இயந்திரத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆனால் இயந்திரமே இல்லாமல் சாதாரண வார்டில் படுத்திருப்பவர்களுக்கும் இது வருகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

எங்கள் பெரம்பூர்ப் பக்கம் இதை இன்னும் கவனிக்க வேண்டும். லோகோ ஒர்க்ஸிலும், 1955லிருந்து இயங்கும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், 1996ல் மூடப்பட்ட பி அண்டு சி மில்லில் பஞ்சுத் தூசிக்கு நடுவே வருஷக்கணக்கில் நின்றவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள் என்று வீட்டுக்கு வீடு பெரியவர்கள் இருக்கிறார்கள். பீடிப் பழக்கமும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே களைத்துப்போன நுரையீரல்கள் அவை.

காய்ச்சல் இல்லாமலும் வரும்

இரண்டு வருஷத்துக்கு முன் என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அப்போது அவருக்கு 74 வயது. வடசென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பேரன் பரீட்சை எப்படி எழுதினான் என்றெல்லாம் விசாரித்தவர், மத்தியானத்துக்கு மேல் சோர்ந்துபோனார். கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் என்னைப் பார்த்து, "உங்க மாமா ஷிப்டு முடிஞ்சு வந்துட்டாரா?" என்று கேட்டார். மாமா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது!

பார்க்க வந்திருந்த என் நாத்தனார், "மயக்க ஊசி போட்டாங்க இல்ல, அதான் குழம்புறாங்க. தூங்கி எழுந்தா சரியாயிடும் அண்ணி" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. இருமலும் இல்லை. ஆனால் போர்வை ஏறி இறங்குகிற வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. என் பெரிய பையன் கைக்குழந்தையாக இருந்தபோது சளி பிடித்து மூச்சு வாங்கினால் எப்படி எண்ண வேண்டும் என்று எங்கள் பேட்டை நர்ஸம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். அதேபோல வாட்சைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 32!

நேரே நர்ஸ் மேஜைக்குப் போய், "சிஸ்டர், எங்க அத்தைக்கு நிமிஷத்துக்கு 32 மூச்சு வாங்குது. காலைல நல்லா பேசினாங்க, மத்தியானத்துலேருந்து பேச்சு குழம்புது, எதுவும் சாப்பிடல" என்றேன். சிஸ்டர் உடனே எழுந்து வந்தார். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் 89. டாக்டரம்மா வந்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாகத் திட்டு! ஆக்சிஜன் வைத்து, ரத்தம் எடுத்து, அன்றிரவே நரம்பு வழியாக மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். "காலைல ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும் விட்டிருந்தா ஐ.சி.யு.வுக்குத்தான் போயிருக்கணும்மா" என்றார் டாக்டரம்மா.

வயதானவர்களுக்கு இந்த நோய் இப்படித்தான் மாறுவேஷத்தில் வருமாம். சின்ன வயசுக்காரர்களுக்குக் காய்ச்சல் கொதிக்கும், மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வரும், மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தும். பெரியவர்களுக்கு இவை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அதனால் கீழே சொல்பவற்றில் எது புதிதாக வந்தாலும் அசட்டையாக விடாதீர்கள்:

* நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பிப் பேசுவது, அல்லது எழுப்ப எழுப்பத் தூங்குவது.
* சாப்பாட்டைத் திடீரென்று வெறுப்பது.
* மூச்சு வேகமாவது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திணறுவது.
* தொண்டையில் கரகரவென்று சளிச் சத்தம், புது இருமல், சளியின் நிறம் மாறுவது.
* காய்ச்சல், குளிர் நடுக்கம், அல்லது உடம்பு வழக்கத்துக்கு மாறாகச் சில்லிட்டுப் போவது.
* உதடும் நகமும் நீலம் பாரிப்பது. இது வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எண்ணுவது எப்படி?

நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும்போது எண்ணுங்கள். இருமி முடித்தவுடனோ நடந்து வந்தவுடனோ வேண்டாம். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு தானாக மாறிவிடும். வயிறும் மார்பும் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12லிருந்து 20 வரை இருப்பது சகஜம். 22ஐத் தாண்டினால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். 30 என்றால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

இளம் தாய்மார்கள் குழந்தைகளின் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேக மூச்சு என்று அர்த்தம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் ஆபத்துதான். வீட்டில் இருந்தாலும் சரி, வார்டில் இருந்தாலும் சரி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2020ல் கொரோனா வந்த பிறகு விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப் பல வீடுகளில் இருக்கிறது. அதில் 94க்குக் கீழே போனால் சொல்லிவிடுங்கள். நகப்பூச்சு இருந்தாலும், விரல் சில்லிட்டிருந்தாலும் கிளிப் தப்பாகக் காட்டும். நாள்பட்ட இளைப்பு நோய்க்காரர்களுக்கு எந்த எண்வரை சரி என்பதை டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

"என்னமோ மாதிரி இருக்காங்க" என்று மட்டும் சொன்னால், வேலை நெருக்கடியில் இருப்பவர்களுக்கு எதுவும் புரியாது. ஒரு சின்ன நோட்டில் நேரம், மூச்சு எண்ணிக்கை, எப்போதிலிருந்து மாறுதல் என்று குறித்து வைத்து, எண்ணோடு சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கூச்சப்பட வேண்டாம். கோபித்துக்கொள்வார்களோ என்று காலைவரை காத்திருக்காதீர்கள்!

டாக்டர்கள் என்ன செய்வார்கள்?

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை மூன்றும் முக்கியம். சளியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நோய் காத்திருக்குமா? அதனால் முதலில் பல கிருமிகளையும் தாக்கக்கூடிய ஆன்டிபயாடிக் மருந்தை உடனே தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் அந்தக் கிருமிக்கு மட்டும் போதுமான மருந்துக்கு மாற்றுவார்கள். எங்கள் மாமியாருக்கும் மூன்றாம் நாள் மருந்தை மாற்றினார்கள். "ஏன் மாத்துறாங்க? முதல்ல கொடுத்தது தப்பா?" என்று பயப்பட வேண்டியதில்லை. அதுதான் சரியான முறை. பொதுவாக ஏழு நாள் மருந்து கொடுப்பார்கள். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் பொறுப்பு.

இதில் நாம் செய்யக்கூடிய உதவி இரண்டு. சளி கேட்டால் வெறும் எச்சிலைத் துப்பி அனுப்பாமல், வாயைக் கொப்பளித்துவிட்டு அடி நெஞ்சிலிருந்து இருமி வருவதைக் கொடுக்கச் செய்ய வேண்டும். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே. இரண்டாவது, கடந்த மூன்று மாதத்தில் நோயாளி என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், போட்டுக்கொண்டார் என்ற பழைய சீட்டுகளைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே பழகின மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகலாம் அல்லவா?

இந்த அடங்காத கிருமிகளைப் பற்றிக் கவலைப்பட்டு, 2012ல் இந்திய மருத்துவ சங்கங்கள் பலவும் நம் சென்னையில்தான் கூடிப் பேசி, "சென்னைப் பிரகடனம்" என்று ஒன்றை வெளியிட்டன. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து, வீரியமான ஆன்டிபயாடிக் பல, சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையோடு, சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் செய்தது. சாதாரண ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நாம்தான் வீட்டிலிருந்து விரட்ட வேண்டும். நாளை உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அந்த மருந்து கேட்க வேண்டுமே!

வராமல் தடுக்க நம் கையால் ஆவது

முதலில் பல் தேய்ப்பது. ஆமாம், பல் தேய்ப்பதுதான்! 2023 டிசம்பரில் வெளியான ஒரு ஆய்வில், 15 பரிசோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தினமும் பிரஷ்ஷால் பல் தேய்த்துவிட்ட நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலன் அதிகமாகத் தெரிந்தது மூச்சு இயந்திரத்தில் இருந்தவர்களிடம். பெரிய மருந்து கண்டுபிடித்தாலும் இப்படிக் குறையுமா என்று தோன்றுகிறதல்லவா? அதனால் கூடையில் முதலில் வைக்க வேண்டியது ஒரு மிருதுவான டூத் பிரஷ். காலையும் இரவும் தேய்த்துவிடுங்கள். எழ முடியாதவர்களை ஒரு பக்கமாகத் திருப்பி, சிறிது பேஸ்ட்டில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் போதும். பல் செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள். மூச்சுக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு நர்ஸ்கள்தான் செய்ய வேண்டும். நாம் கை வைக்கக் கூடாது.

அடுத்தது தலைமாட்டை உயர்த்துவது. 1999ல் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் மூச்சு இயந்திரத்தில் இருந்த 86 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மல்லாக்கப் படுக்க வைத்தவர்களில் நூற்றுக்கு 34 பேர் என்ற கணக்கில் நிமோனியா அறிகுறி வந்தது. 45 டிகிரி சாய்வாக உட்கார வைத்தவர்களில் நூற்றுக்கு 8 தான்! இப்போது 30லிருந்து 45 டிகிரி உயர்த்தச் சொல்கிறார்கள். ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி இருந்தால் சரி. முதுகெலும்பு, இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் ரத்தக் கொதிப்பு இறங்கி இருப்பவர்களுக்கும் சிஸ்டரைக் கேட்டுக்கொண்டே உயர்த்துங்கள்.

மூன்றாவது சாப்பாடு. எங்கள் பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். 1782ல் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றுவதைப்போலப் புண்ணியம் வேறில்லை. ஆனால் அரைத் தூக்கத்தில் படுத்திருப்பவரின் வாயில் பாலாடையால் கஞ்சியை ஊற்றினால், அது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும்! "ஒரு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்ற ஆசையில் நாம் ஊற்றுவது அவருக்கே எமனாக முடியும். நன்றாக விழித்திருக்கும்போது, நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாக, ஒன்று விழுங்கின பிறகே அடுத்தது கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். புரையேறினாலோ, சாப்பிட்டதும் குரல் தண்ணீரில் பேசுவதுபோல் மாறினாலோ நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு, விழுங்க முடிகிறதா என்று அவர்கள் சோதித்துச் சொல்லும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. மூக்குக் குழாயில் உணவு போகும்போதும் தலைமாடு உயரமாகவே இருக்கட்டும்.

நான்காவது மூச்சுப் பயிற்சி. 1975ல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இருதய பைபாஸ் ஆபரேஷனைச் செய்தது எங்கள் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு தனிப் பெருமை! இப்படி நெஞ்சையோ வயிற்றையோ திறந்து செய்கிற ஆபரேஷனுக்குப் பிறகு, வலிக்குப் பயந்து நோயாளி ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். அங்கேதான் சளி தேங்குகிறது. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்தால் அதை ஜன்னலோரம் வைத்து அழகு பார்க்காமல், சொன்ன தடவை ஊதாமல் உறிஞ்சச் செய்யுங்கள். தையலின் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறைவாகத் தெரியும். வலி தாங்கவில்லை என்றால் வலி மருந்து கேளுங்கள். டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே நாற்காலியில் உட்கார வைத்து, பிறகு நாலு அடி நடக்க வைக்க வேண்டும். "பாவம், படுத்துக் கிடக்கட்டும்" என்று இரக்கப்படுவது இந்த விஷயத்தில் உதவாது.

கடைசியாகக் கை கழுவுவது. பிரசவ ஜுரத்தில் தாய்மார்கள் இறந்ததைக் கண்டு, டாக்டர்கள் கை கழுவினாலே உயிர் பிழைக்கும் என்று வியன்னா நகரத்து செம்மல்வைஸ் 1847லேயே காட்டிவிட்டார். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் சோப்பினாலோ, கட்டில் அருகே இருக்கும் திரவத்தினாலோ கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் பார்க்க வந்தால், "போன்ல பேசிக்கலாங்க, வீட்டுக்கு வந்தப்புறம் பாருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவதில் தப்பில்லை. கட்டிலின் மேல் நாலு பேர் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிற வழக்கத்தையும் விட்டுவிடலாம்!

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் கவலை விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்ட கிருமி வீட்டுக்கு வந்து இரண்டொரு நாளிலும் தலைகாட்டலாம். கொஞ்ச நாளைக்கு மூச்சை எண்ணும் வழக்கத்தை விடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழம்பினாலோ கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் 108க்குப் போன் செய்யுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கொடுத்த மாத்திரையை, இருமல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது.

எங்கள் மாமியார் 18 நாளில் வீடு திரும்பினார். இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார்.

நீங்கள் வார்டில் துணைக்கு இருக்கும்போது, பக்கத்துக் கட்டிலிலும் யாரோ ஒரு பெண் கூடையோடு வந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் மூச்சு எண்ணுவதைச் சொல்லிக் கொடுங்கள். படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு வாட்சும் ஒரு நிமிஷப் பொறுமையும் இருந்தால் யாருக்கும் வரும்.